கூக்கால்: பூண்டு மணக்கும் ஊரும், பொல்லாப் பெயர் வாங்கிய செடியும்

கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியையும் தூண்பாறையையும் பார்த்துவிட்டு, சாக்லேட்டும் தைலமும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவதுதான் வழக்கம். மேற்கே இன்னும் சுமார் 40 கிலோமீட்டர் போனால் கூக்கால் வரும். வழியில் பூம்பாறையில் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுக்கொள்ளலாம். வளைவான பாதை, அதனால் சின்னக் குழந்தைகள் இருந்தால் எலுமிச்சம்பழமும் ஸ்வெட்டரும் கைவசம் இருக்கட்டும். 2024 மே மாதத்தில் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்தது. கிளம்புமுன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஊரைச் சுற்றிப் படிக்கட்டு வைத்த மாதிரி வயல்கள். பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் எல்லாம் விளைகின்றன. பக்கத்திலேயே அமைதியான ஓர் ஏரி, அதை ஒட்டிச் சோலைக்காடு. இந்த மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் மணமும் தூக்கல். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைக்க இதைவிட நல்ல பூண்டு வேண்டுமா என்ன!

இவ்வளவு அழகான ஊரில், நாங்கள் தங்கிய வீட்டு அம்மாளுக்கு ஒரு மனக்குறை.

"ஏக்கா, பூண்டு இருக்கான்னு கேட்டு வர்றவங்களைவிட, அந்தக் கருமம் இருக்கான்னு கேட்டு வர்ற பயலுகதான் ஜாஸ்தி. எல்லாம் காலேஜ் படிக்கிற புள்ளைக. பன்னெண்டாவது படிக்கிற எம் மகன்கிட்டயே, 'எங்க கிடைக்கும் தம்பி'ன்னு கேக்கறாக. பெத்த வயிறு என்னா பாடுபடும், சொல்லுங்க!"

அந்தக் கருமம் என்றது கஞ்சாவைத்தான். மேல்மலைக் காடுகளில் யாரோ சிலர் மறைவாகப் பயிரிட்டதும், போலீசார் போய் அழித்ததும் பழைய கதை. பூண்டும் கிழங்கும் போட்டு மானமாய்ப் பிழைக்கிற ஊர்களை அந்தப் பெயர் இன்னும் விட்டபாடில்லை.

ஆனால் இந்தச் செடியின் முழுக் கதையும் போதை மட்டும் அல்ல. ஊர் திரும்பிப் படித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நாருக்கென்று நெருக்கமாக விதைத்தால், நாலு மாதத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிடும். தண்டை வெட்டித் தண்ணீரில் ஊறப் போட்டால் பட்டை கழன்று நார் வரும். பல நூற்றாண்டுகள் கப்பல்களுக்குக் கயிறும் பாய்த்துணியும் தந்தது இந்த நார்தான். கான்வாஸ் என்கிறோமே, அந்தச் சொல்லே இந்தச் செடியின் லத்தீன் பெயரிலிருந்து பிறந்தது. சீனாவில் பழைய நாளில் காகிதமும் செய்தார்கள். தண்டின் உட்பகுதியைச் சுண்ணாம்போடு கலந்து வீட்டுச் சுவருக்குக் கட்டிகள் செய்கிறார்கள். எல்லோராக் குகைகளின் களிமண் பூச்சில் இந்தச் செடி கலந்திருப்பதாக 2016-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். சுமார் 1500 வருஷத்துப் பூச்சு அது!

சமையலறைக்கும் இது புதிதில்லை. உத்தரகண்ட் மலைப் பெண்கள் இதன் விதையை வறுத்து, மிளகாய், புதினா, எலுமிச்சை சேர்த்துச் சட்னி அரைக்கிறார்கள். நம் எள்ளுத் துவையல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். விதையில் போதை கிடையாது. நல்ல புரதமும் எண்ணெயும் உண்டு. 2021-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், விதையையும் விதை எண்ணெயையும் மாவையும் உணவாக ஏற்றுக்கொண்டது. அந்த எண்ணெய் அதிகச் சூடு தாங்காது, பொரிக்க ஆகாது.

மருந்தும் உண்டு. குழந்தைகளுக்கு வரும் சில அபூர்வமான, கடுமையான வலிப்பு நோய்களுக்கு, இதிலிருந்து போதையில்லாத ஒரு பொருளைப் பிரித்துச் செய்த மருந்தை 2018-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. அது பெரிய டாக்டர்கள் அளந்து கொடுப்பது. 'நாட்டு மருந்து, இலையைக் கசக்கிக் கொடுங்க' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் இதைப் பயிரிட்டால் பத்து வருஷம் வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கலாம். அதே சட்டம், நாருக்கும் விதைக்கும் மட்டும் பயிரிட அரசு அனுமதி தரலாம் என்று ஒரு வாசலும் வைத்திருக்கிறது. போதைச் சத்து 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத ரகத்தைப் பயிரிட, 2018-ல் உத்தரகண்ட் அந்த வாசலைத் திறந்தது. மேலே சொன்ன உபயோகமெல்லாம் அப்படி முறையாய் வருவதுதான். 'கொல்லையில் ஒரு செடிதானே' என்ற பேச்சே கூடாது.

நம் கொல்லைக்கு ஆசைப்பட்டால், நம்ம ஊர்ச் சணப்பு இருக்கிறதே! ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பெயர் ஒத்திருந்தாலும் குலம் வேறு. சணப்பு மஞ்சள் பூப்பூக்கும் பயறு இனம், போதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காய்கறிப் பாத்தி சும்மா கிடக்கும்போது விதைத்து, பூக்கிற சமயம், அதாவது சுமார் 45 நாளில், மண்ணோடு மடக்கிவிடுங்கள். அருமையான தழை உரம். முற்றவிட்டால் கயிறு திரிக்க நாரும் கிடைக்கும். கோணிச் சாக்குக்கான சணல் இன்னொரு செடி, அது வங்காளத்துப் பயிர்.

இதெல்லாம் அம்மாக்களுக்கு எதற்கு என்பீர்கள். 'இயற்கையான மூலிகைதானே, மருந்துக்குக்கூடச் சேர்க்கிறாங்களே' என்றுதான் பிள்ளைகளை நண்பர்கள் ஆரம்பித்துவைக்கிறார்கள். நமக்கு விஷயம் தெரிந்தால்தானே பதில் சொல்ல வாய் வரும்? நார் வேறு, விதை வேறு, பூவைப் புகைப்பது வேறு. வளர்கிற வயதில் அந்தப் புகை ஞாபகசக்தியையும் படிப்பையும் கெடுக்கும், சிலருக்கு மனநோயில் கொண்டுபோய் விடும். கர்ப்பிணி புகைத்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம்.

மகன் சிநேகிதர்களோடு கொடைக்கானல் கிளம்பினால், திட்டி மிரட்ட வேண்டாம். முதல் நாள் ராத்திரி சாப்பாடு போடும்போதே இதைப் பக்குவமாய்ச் சொல்லிவையுங்கள். கூடவே, "வரும்போது கூக்கால் பக்கம் ரெண்டு கிலோ மலைப்பூண்டு வாங்கிட்டு வாடா" என்று பணமும் கொடுத்தனுப்புங்கள். அந்த மலையில் கேட்டு வாங்க வேண்டிய சரக்கு அதுதான்.