பாலாடைக் கிண்ணம்

வட்டக்கோட்டைக்கு வருகிறவர்கள், மார்த்தாண்ட வர்மா காலத்தில் டிலனாய் கட்டிய கல் மதிலைக் கண்டு வியக்கிறார்கள். அருகே எங்கள் வீட்டில் நடந்த முற்றுகையை எவரும் அறியார்.

தகப்பனாருக்கு நெய் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மையோ பாலாடை சேர்ப்பதை நிறுத்தவில்லை. நாற்பது வருஷமாக அவர் இலையில் முதலில் நெய் விட்டுப் பழகிய கை! எருமைப் பாலில் நூற்றுக்குச் சுமார் 7 பங்கு கொழுப்பு. பிரிட்ஜில் மூன்று கிண்ணங்கள் நிரம்பிவிட்டன.

"கொட்டிவிடலாமே, அம்மா" என்றேன்.

"லட்சுமியையா கொட்டச் சொல்கிறாய், மக்களே?" என்றாள்.

வேறு வழியின்றி நானே சமையற்கட்டில் நுழைந்தேன். நீரைக் குறைத்து ஆடை சேர்த்துப் பிசைந்த சப்பாத்தி மிருதுவாக வந்தது. பாயசம்தான் காலை வாரிவிட்டது. புளித்த ஆடையைக் கொதிக்கும் பாலில் விட்டால் திரிந்து போகும் என்பதை ஒரு படி பாலைப் பலி கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

மிஞ்சியதில் அம்மை உறைமோர் விட்டாள். மறுநாள் விடியலில், வெயில் ஏறி வெண்ணெய் இளகுமுன், குளிர்ந்த நீர் விட்டுக் கடைந்தாள். திரண்ட வெண்ணெய் முருங்கையிலையோடு உருகி நெய்யாயிற்று. அது ஹாஸ்டலில் இருக்கும் பேரனுக்கு. கொழுப்பெல்லாம் பெரும்பாலும் அதிலேயே போய்விட்டது. அடியில் நின்ற மோரில், தேங்காயைக் குறைத்து அரைத்து, வெள்ளரிக்காய்ப் புளிசேரி வைத்தாள்.

நெய் விழுந்த இடத்தில் அதை ஊற்றினாள். தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.