ஒரே கழகம், 13ஆம் இலக்கம்

ஹேண்ட்போல் பற்றி எங்கட பக்கம் கதைக்கிற ஆக்கள் குறைவு. ஹங்கேரியில கதை வேற. அங்க அனிற்றா கோர்பிட்ஸ் எண்ட பேரைத் தெரியாத விளையாட்டு ரசிகர் இருக்கமாட்டார். 1983இல் வெஸ்பிரேம் நகரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே ஜியோர் நகரக் கழகத்துக்குப் போனார். பெரியவர்களுக்கான அணியில் 2021இல் ஓய்வு பெறும்வரை வேற கழகச் சட்டை போடவே இல்லை. 2005இல் உலகின் சிறந்த வீராங்கனை எண்டு தெரிவான பிறகும் போகேல்ல.

விசுவாசம் எண்டு இதைச் சுலபமாப் புகழலாம். ஆனா அந்த விசுவாசத்துக்கு அவர் கொடுத்த விலையையும் பாக்கோணும்.

20 வயசில, 2003 உலகக்கிண்ண இறுதியாட்டம். ஹங்கேரி ஒரு கட்டத்தில ஏழு கோல் முன்னுக்கு நிண்டது. பிரான்ஸ் துரத்தி வந்து, கடைசி நேரப் பெனால்டியால சமப்படுத்தி, மேலதிக நேரத்தில 32-29 எண்டு வெண்டுட்டுது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில நாலாம் இடம். ஒலிம்பிக் பதக்கம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கேல்ல.

கழகத்திலயும் இதே கதைதான். 2009 சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில தோல்வி. 2012இல் நடந்தது இன்னும் கொடுமை. மொன்டினீக்ரோவின் புடுச்நொஸ்ற் அணியோட ரெண்டு ஆட்டம். முதலாவதில ஜியோர் 29-27, ரெண்டாவதில மற்றவை 27-25. கூட்டினா 54-54. எதிரணியின்ர மண்ணில அடிச்ச கோல் கூட எண்டு கிண்ணம் புடுச்நொஸ்றுக்குப் போச்சுது. தோற்காமலே தோக்கிறது எண்டா இதுதான். (அந்த விதி எனக்கு இப்பவும் பிடிக்கேல்ல.)

வேற ஆளெண்டா பெட்டியைக் கட்டியிருப்பார். அவர் நிண்டார். அடுத்த வருசமே, 2013இல், கிண்ணம் ஜியோருக்கு வந்தது, 2014இல் திரும்பவும். 2015இல் அவர் தாயானார். தாயானா விளையாட்டு முடிஞ்சுது எண்டு சொல்ற உலகத்தில, திரும்பி வந்து 2017, 2018, 2019 எண்டு தொடர்ந்து மூண்டு கிண்ணம். மூண்டு இறுதியாட்டத்திலயும் வெற்றி ஒரேயொரு கோலால. அதில ரெண்டு மேலதிக நேரத்தில. 2003இல அவரிட்ட இருந்து பறிபோன அதே மேலதிக நேரம்.

ஓய்வுக்குப் பிறகு அதே கழகத்துக்கே தலைவராகவும் வந்தார்.