பச்சைத் தடத்தில் போக வெட்கம் எதற்கு?

மவுன்டன் பைக் பற்றி ஒரு நீண்ட இழை. "இது சின்னப் பசங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு" என்று தாண்டிப் போகப் பார்க்கிறீர்களா? உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பொறுமையா வாசிங்க.

நான் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சைக்கிளில் இருந்து விழுந்து தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களையும் பார்க்கிறேன். வருஷக்கணக்கில் உடம்பை அசைக்காமல் இருந்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டாவது கூட்டம்தான் பெரிசு. அதில் நம்ம ஆட்கள் நிறைய.

எசெக்ஸில் ஹாட்லி பார்க் என்று ஓர் இடம். தேம்ஸ் நதி கடலில் கலக்கும் முகத்துவாரத்தைப் பார்த்த மாதிரி ஒரு மேடு, பக்கத்தில் இடிந்துபோன ஒரு பழைய கோட்டை. இதைக் கன்ட்ரி பார்க் என்பார்கள். ஊர் மக்கள் தொலைதூரம் போகாமலே காடு மேடு பார்க்கட்டும் என்று உள்ளாட்சிகள் இப்படிப் பூங்காக்கள் அமைக்க 1968-ல் பிரிட்டனில் சட்டமே போட்டார்கள்.

2012 லண்டன் ஒலிம்பிக்கின் மவுன்டன் பைக் பந்தயம் நடந்தது இந்த மேட்டில்தான். ஆகஸ்ட் 12 அன்று செக் நாட்டின் யரோஸ்லாவ் குல்ஹாவி, சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்ட்டரை ஒரே ஒரு விநாடியில் முந்தித் தங்கம் வாங்கினார்.

இன்றைக்கு அதே மேட்டில் நீங்களும் நானும் சைக்கிள் ஓட்டலாம். விஷயம் அங்கேதான் இருக்கு.

பிரிட்டனில் இந்தத் தடங்களுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். பச்சை: அகலமானது, ஏற்ற இறக்கம் குறைவு, சாதாரணமா சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும். நீலம்: குறுகலான மண்பாதை, சின்னச் சின்ன மேடுபள்ளம். சிவப்பு: செங்குத்து, பாறை, படி மாதிரி இறங்கும் இடங்கள். கறுப்பு: தேர்ந்தவர்களுக்கு மட்டும். ஹாட்லியில் நாலு நிறமும் ஒரே மேட்டில் இருக்கு. ஏழு வயசுப் பிள்ளையும் போட்டிக்குப் பயிற்சி எடுப்பவரும் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள்.

இந்த நிறத்தை உங்கள் வீரத்துக்குப் போடும் மார்க்காக எடுத்துக்காதீங்க. அது தரையைப் பற்றிய தகவல். மருந்துச் சீட்டில் எழுதும் அளவு மாதிரி. 500 மில்லிகிராம் போதும் என்று எழுதினால் யாராவது வெட்கப்படுவோமா?

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர். வயசு 53. பன்னிரண்டு வருஷமா சர்க்கரை. அவருடைய மூத்த அண்ணன் 51 வயசில் மாரடைப்பில் போய்விட்டார். அதிலிருந்து அவருக்குள் ஒரு பயம். பயத்தில் நடைப்பயிற்சிகூடப் பாதியில் நின்றுபோச்சு. இதயப் பரிசோதனை எல்லாம் முடித்து, அவருடைய டாக்டர் "தாராளமா உடற்பயிற்சி செய்யலாம்" என்று சொன்ன பிறகு அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

பச்சைத் தடத்தில் பத்து நிமிஷம் போயிருப்போம். நின்றுவிட்டார். மேலே சிவப்புத் தடத்தில் பையன்கள் பறக்கிறார்கள்.

"தம்பி, அவனுங்களப் பாத்தா எனக்கு வெக்கமா இருக்கு. குழந்தைங்க ஓட்டுற பாதையில என்னை ஓட்ட விட்டுட்டியே."

"அண்ணே, ஒலிம்பிக்ல ஓட்டுறவங்களுக்கே கஷ்டமான இடத்துல ரெண்டு வழி வச்சிருப்பாங்க. நேரா குதிக்கிற வழி ஒண்ணு, சுத்திப் போற வழி ஒண்ணு. சுத்திப் போனா சில விநாடி கூடும், அவ்வளவுதான். யாரும் தகுதிநீக்கம் பண்ண மாட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எங்கண்ணனுக்கு இந்த மாதிரி சுத்திப் போற வழி ஒண்ணை யாரும் காட்டலையே" என்றார். பிறகு வண்டியை மிதிக்க ஆரம்பித்தார். இப்போது மாதம் இரண்டு முறை போகிறார். இன்னும் பச்சைதான்.

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கு. செய்தால் நூறு, இல்லாவிட்டால் பூஜ்யம். ஜனவரி மாதம் ஜிம்மில் வருஷச் சந்தா கட்டுவோம், மூட்டு வலித்ததும் மார்ச்சில் விட்டுவிடுவோம். நடுவில் இருக்கும் பச்சையும் நீலமும் நமக்குக் கண்ணிலேயே படுவதில்லை. இந்தப் பார்க்குகள் அந்த நடுவழியைப் பலகை வைத்துக் காட்டுகின்றன. என் ஆலோசனை அறையில் அதை நான் வாயால் மட்டும்தான் சொல்ல முடியும்.

உடம்புக்கு என்ன லாபம்?

வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. மிதமானது என்றால், மிதித்துக்கொண்டே பேச முடியணும், பாட முடியக் கூடாது. தெற்காசியர்களான நமக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே சர்க்கரை, இதயநோய் ஆபத்து ஏற ஆரம்பிக்கும். தொடைத் தசைகள் வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்தில் இருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சைக்கிளில் உடல் எடையைச் சீட் தாங்குவதால், ஓட முடியாத மூட்டுக்காரர்கள் பலரால் மிதிக்க முடியும்.

இனி, விழுந்தவர்களைப் பார்க்கிற டாக்டராக ஆறு விஷயம்:

1. முதல் தடவை போகும் பார்க்கில், உங்களுக்குப் பழக்கமான நிறத்துக்கு ஒரு படி கீழே ஆரம்பிங்க. ஓர் ஊர் நீலம் இன்னோர் ஊர் நீலத்தைவிடக் கடினமா இருக்கலாம்.

2. இறக்கத்தில் சீட்டை இறக்கிவிட்டு, பெடலில் எழுந்து நில்லுங்க. முழங்காலும் முழங்கையும் லேசா மடங்கி இருக்கட்டும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, தூரத்தில் இருக்கணும். முன் பிரேக்கை மட்டும் சடார்னு பிடித்தால் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பீர்கள். காரை எலும்பும் மணிக்கட்டும் உடைவது பெரும்பாலும் அப்படித்தான்.

3. ஹெல்மெட் கட்டாயம். ஒரு முறை பலமா அடி வாங்கிய ஹெல்மெட்டைத் திரும்பப் போடாதீங்க. வெளியே கீறலே இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும்.

4. இன்சுலின், கிளிமிப்ரைட், கிளிக்ளசைடு எடுப்பவர்கள் கிளம்பும் முன் சர்க்கரை பாருங்க. 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்க. சட்டைப் பையில் குளுக்கோஸ் வேணும். இன்சுலின் எடுப்பவர்களுக்கு அன்று இரவு தூக்கத்திலும் சர்க்கரை இறங்கலாம்.

5. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அபிக்சபான் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் தலையில் அடிபட்டால், நல்லா இருக்கிற மாதிரி தோன்றினாலும் மருத்துவமனைக்கு வந்துவிடுங்க. காத்திருக்க வேண்டாம்.

6. பெற்றோர்களே, இதை மட்டுமாவது மறக்காதீங்க. பிள்ளை விழும்போது ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தியிருந்தால், வெளியே வட்டமா ஒரு சின்னத் தழும்பு மட்டும்தான் தெரியும். உள்ளே கல்லீரல், மண்ணீரல், கணையம் அடிபட்டிருக்கலாம். வலியும் வாந்தியும் பல மணி நேரம் கழித்துக்கூட வரலாம். வயிற்றில் குத்தியது என்று பிள்ளை சொன்னாலே டாக்டரிடம் காட்டிவிடுங்க.

கடைசியாக ஒன்று. எல்லாருக்குமான தடம் என்று பேசும்போது காலால் மிதிக்க முடியாதவர்களையும் சேர்த்துத்தான் பேசணும். வேல்ஸில் கோய்ட் எ ப்ரெனின் என்றொரு காடு. மவுன்டன் பைக்குக்கென்றே தடம் வெட்டும் வேலை பிரிட்டனில் 1990-களில் சூடுபிடித்தது அங்கேதான். அங்கே மைனர்டார் என்ற நீலத் தடத்தில், மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் பிரத்யேக வண்டிகளும் போகலாம். அதற்குத் தேவைப்படுவது போதுமான அகலம், திடீர் படி இல்லாத சரிவு, முன்கூட்டியே யோசித்த ஒரு திட்டம். ஏற்கெனவே இருக்கும் பாதையில் ஓரமாக ஒரு பலகை நட்டால் மட்டும் அது வந்துவிடாது.

நீங்கள் இங்கே இருந்தால், பக்கத்துக் கன்ட்ரி பார்க்கில் எந்த நிறத் தடம் இருக்குன்னு இந்த வாரமே பாருங்க. பல இடங்களில் வண்டி வாடகைக்குக் கிடைக்கும். இதயநோய், சர்க்கரை, ரொம்ப நாள் பழக்கமின்மை எது இருந்தாலும் முதலில் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

சிவப்பில் ஓட்டி என்னைப் பார்க்க வருவதைவிட, பச்சையில் ஓட்டி என்னைப் பார்க்காமலே இருங்க. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, டியூட்டி முடிந்ததும் பதில் சொல்கிறேன்.