கோவில்பட்டிப் பக்கத்து நாயனம்

தளவாய்புரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கல்யாண வீட்டில் குழாய் ரேடியோ கட்டினால் 'சிங்காரவேலனே தேவா' ஒலிக்காமல் போகாது. பாடியது யார் என்று கேட்டால் எஸ்.ஜானகி என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். சரி, கூடவே போட்டி போட்டு வாசிக்கிறாரே, அந்த நாயனக்காரர் யார்? இங்கேதான் பாதிப்பேர் முழிப்பார்கள்.

அவர் காருகுறிச்சி அருணாசலம். 1921-இல் நெல்லைச் சீமையில் அம்பாசமுத்திரம் பக்கத்து காருகுறிச்சியில் பிறந்தவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்றவர். குடியிருந்தது நம்ம பக்கத்துக் கோவில்பட்டியில். 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' வந்தது. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம். படத்தில் ஜெமினி கணேசன் கையில் இருக்கும் நாயனத்தில் ஒலிப்பது அருணாசலத்தின் மூச்சு. இரண்டே வருஷம். 1964-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். வயது நாற்பதைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது!

நாகஸ்வரம் என்றாலே தஞ்சாவூர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தக் காலத்துக் கரிசல் காட்டிலும் நல்ல சங்கீதம் இருந்தது. ஜமீன் குடும்பத்தில் பிறந்த நல்லப்பசாமி என்கிற விளாத்திகுளம் சுவாமிகள் (1889–1965) கீர்த்தனையைவிட ராக ஆலாபனையையே பெரிதாக நினைத்தவர். இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் அவர் பாட்டில் சொக்கிக் கிடந்தவர்கள். இன்று சுவாமிகள் பெயர் ஓரளவு தெரிகிறது என்றால், அது இப்படி அவரைக் கேட்டவர்கள் எழுதி வைத்த புண்ணியம்.

இந்த இசை நடந்த இடம் சபா மேடை அல்ல. கோயில் வாசல், சாமி புறப்பாடு, கல்யாணப் பந்தல். டிக்கெட் கிடையாது. மாட்டு வண்டி கட்டி வந்தவர்கள் ராத்திரி முழுக்கத் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். மணிக்கணக்கில் விரியும் ஆலாபனை மூன்று நிமிஷ இசைத்தட்டில் எப்படி அடங்கும்? அந்த ராத்திரிகளில் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது. சினிமா அதில் ஒரு துளியைப் பிடித்து வைத்தது. வாசித்தவர் பெயர் மட்டும் பின்னால் போய்விட்டது.

கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். அடுத்த தடவை அந்தப் பாட்டு காதில் விழுந்தால் ஜானகி நிறுத்தும் இடங்களில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அங்கேதான் அவர் இருக்கிறார்.