கரிசல் மண்ணில் கேட்ட செந்தோசா வழக்கு



கோவில்பட்டியில் இரயிலை விட்டு இறங்கி மேற்கு நோக்கிப் பேருந்து ஏறினால், தீப்பெட்டித் தொழிற்கூடங்கள் பின்னே செல்ல, கண்ணுக்கெட்டிய தூரம் கருமண் விரிகின்றது. மழை பெய்தால் காலைப் பிடித்துக் கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்தியும் உளுந்தும் கம்பும் வானத்தை நம்பி விளைகின்ற அந்தக் கரிசல் பூமியில்தான் இளையரசனேந்தல் இருக்கின்றது. முன்னொரு காலத்தில் ஜமீன் ஊர். நெடுங்காலம் சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த இவ்வூர், 2008-இல் தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்க்கப்பட்டது. வட்டம் மாறியும் ஊராட்சி ஒன்றியம் மாறாமல் குருவிகுளமாகவே பல ஆண்டுகள் நீடித்ததால், ஓர் அலுவலுக்குக் கிழக்கேயும் மற்றோர் அலுவலுக்கு மேற்கேயும் மக்கள் அலைய வேண்டியதாயிற்று. நாம் வாழும் இடத்தை வேறெங்கோ அமர்ந்திருப்பவர்கள் மாற்றி அமைத்தால் எப்படியிருக்கும் என்பதை இந்த மக்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த ஊரில் என் நண்பரின் இல்லத்தில் ஒரு மாலைப்பொழுது கேட்ட வழக்கைத்தான் உங்களிடம் கூற வந்தேன்.

அஸர் தொழுகை முடித்து வந்து, வேப்ப மர நிழலில் கட்டில் போட்டு அமர்ந்திருந்தோம். நண்பரின் உறவினரான கடையநல்லூர்ச் சகோதரர்கள் இருவர், சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்தவர்கள், தம் தாயாருடன் விருந்துக்கு வந்திருந்தனர். பேச்சு எங்கெங்கோ சுற்றிச் செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவில் வந்து நின்றது. நின்றதுதான் தாமதம், அண்ணனுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம் மூண்டுவிட்டது!

வழக்கு இதுதான். 2010-இல் திறக்கப்பட்ட அப்பூங்காவில், 2005-இல் வெளிவந்த 'மடகாஸ்கர்' என்னும் சித்திரப் படத்தின் பெயரால் ஒரு பகுதி இருந்தது. சிங்கமும் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் நிற்கும் கால்வாயில் படகு மெல்ல மிதந்து செல்லும். 2022-இல் அந்தப் படகுச் சவாரி மூடப்பட்டது. அந்த இடத்தில், மஞ்சள் நிறக் குட்டிப் பாத்திரங்களான 'மினியன்'களுக்கென ஒரு புதிய பகுதி எழும்பி, 2025 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது.

"அந்தப் படகில் பச்சைக் குழந்தையும் ஏறலாம், பல் போன கிழவரும் ஏறலாம். அதை ஏன் இடித்தார்கள்?" என்றார் அண்ணன்.

"என் மகளுக்கு அந்தச் சிங்கத்தைத் தெரியாது அண்ணே! மினியனைத்தான் தெரியும். பூங்கா என்ன, பொருட்காட்சிச் சாலையா? வருகிற பிள்ளைகளுக்காகத்தானே நடத்துகிறார்கள்?" என்றார் தம்பி.

பிள்ளைகள் விளையாடும் இடத்துக்காகப் பெரியவர்கள் சண்டையிடுவதா என்று நீங்கள் நகைக்கலாம். நானும் முதலில் நகைத்தேன். ஆனால் இந்த வழக்கு ஒரு வீட்டுத் திண்ணையோடு நிற்பதன்று, உலகெங்கும் நடக்கின்றது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி பூங்காவில் 1971 முதல் ஒரு செயற்கை நதி இருந்தது. நடுவே ஒரு தீவு. சுற்றிவர ஒரு நீராவிப் படகு. கூட்டத்தின் நடுவே சற்று மூச்சு விடுவதற்கான இடமாக மக்கள் அதை நேசித்தனர். 2006-இல் வெளிவந்த 'கார்ஸ்' படத்தின் பெயரால் புதிய பகுதி அமைப்பதற்காக, அந்த நதி 2025 ஜூலையில் மூடப்பட்டது. "நீரும் நிழலும் போயினவே!" என்று ஒரு சாரார் வருந்தினர், "புதிய சவாரிகள் வரட்டும்" என்று மற்றொரு சாரார் வரவேற்றனர்.

படங்களே பூங்காவுக்குள் வரலாகாது என்று வாதிடுவதற்கும் இடமில்லை. 1955-இல் திறந்த முதல் டிஸ்னி பூங்காவிலேயே படக்கதைச் சவாரிகள் இருந்தன. சில வேளைகளில் ஆறு மேல்நோக்கியும் ஓடுகின்றது! 1967-இல் அங்கே அமைந்த கடற்கொள்ளையர் சவாரியிலிருந்து 2003-இல் ஒரு படம் பிறந்தது. படம் வெற்றி பெற்றதும் அதன் நாயகனை 2006-இல் அதே சவாரிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். விலங்குகளுக்கென அமைந்த மற்றொரு டிஸ்னி பூங்காவில் 'அவதார்' படத்தின் உலகத்தை அமைக்கப் போவதாக 2011-இல் அறிவித்தபோது, பொருத்தமில்லை என்று பலர் முகம் சுளித்தனர். 2017-இல் அது திறந்ததும் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர்.

பழையது என்பதாலேயே எல்லாம் காக்கத் தக்கதுமன்று. அதே டிஸ்னி நிறுவனம், 1946-ஆம் ஆண்டுப் படமொன்றைத் தழுவிய நீர்ச்சறுக்குச் சவாரியை 2023-இல் மூடியது. கறுப்பின மக்களின் வாழ்வைத் தவறாகச் சித்திரித்தது என்று நெடுங்காலம் கண்டிக்கப்பட்ட படம் அது. அந்த இடத்தில், கறுப்பின இளவரசி ஒருத்தியைத் தலைவியாகக் கொண்ட 2009-ஆம் ஆண்டுப் படத்தின் சவாரி 2024-இல் திறக்கப்பட்டது. பழைய சவாரியை நினைத்து உருகியவர்கள் உண்டு. ஆனால் தம் பாட்டன்மாரை இழிவுபடுத்திய ஒரு கதையின் பேரால் தம் பிள்ளைகள் களிக்க வேண்டியதில்லை என்று மகிழ்ந்தவர்களும் உண்டல்லவா?

நம் நாட்டிலும் திரைப்படத்துக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கும் உறவு உண்டு. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னை 1984-இல் தயாரித்த நவோதயா அப்பச்சன்தான், சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில் 'கிஷ்கிந்தா' பூங்காவை 1995-இல் தொடங்கினார். ஐதராபாத்தின் ராமோஜி திரைப்பட நகரில் 'பாகுபலி'க்காக எழுப்பிய அரங்குகளும், படப்பிடிப்பு முடிந்த பின் சுற்றுலாப் பயணிகள் காணும் காட்சியாயின.

மீண்டும் சிங்கப்பூருக்கே வருவோம். மாற்றம் தோற்றுப்போன கதையொன்றும் அங்கு உண்டு. நம் வீடுகளில் கோடாலித் தைலத்தோடு புலி முத்திரைத் தைலமும் இருக்குமே, அந்தப் புலித் தைலத்தின் அதிபர் 1937-இல் தம் தம்பிக்காக ஒரு மாளிகையும், சீனப் புராணச் சிலைகள் நிறைந்த தோட்டமும் அமைத்தார். ஹாவ் பார் வில்லா என்பது அதன் பெயர். சிங்கப்பூர்க் குடும்பங்கள் காசின்றிச் சுற்றிப் பார்த்த அந்தத் தோட்டம், 1990-இல் சவாரிகளோடு கூடிய கட்டணப் பூங்காவாக உருமாறியது. மக்கள் வரவு நாளடைவில் குறைந்து, நட்டமும் ஏற்பட்டது. சவாரிகள் மறைந்தன, தோட்டத்துக்கு மீண்டும் இலவச அனுமதி வந்தது. மக்கள் நேசித்தது எதை என்பதை அறியாமல் மெருகேற்றினால் இப்படித்தான் முடியும்.

செந்தோசாவே உருமாறிய தீவுதான். பிரிட்டிஷார் காலத்தில் பீரங்கிக் கோட்டைகள் நிறைந்த அத்தீவின் பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. 'மாத்தி' என்றால் மலாய் மொழியில் மரணம்! 1972-இல்தான், நம் 'சந்தோஷம்' என்ற சொல்லோடு உறவுடைய 'செந்தோசா' என்னும் பெயரைச் சூட்டினர். 1982 முதல் மக்களை மகிழ்வித்த இசை நீரூற்று 2007-இல் நின்றது. 37 மீட்டர் உயரத்தில் நின்ற சிங்கமுக மீன்சிலை 2019-இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு செந்தோசாவைப் பார்த்திருக்கின்றது.

அந்தத் தீவுக்கு அருகேதான் தஞ்சோங் பகார் துறைமுகம். கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து கப்பலேறிச் சென்ற நம் முன்னோர் பலர் அந்தப் பகுதியில்தான் உழைத்தனர். உழைத்த காசில் ஊரை மட்டும் நினைக்கவில்லை. கடையநல்லூர் முஸ்லிம் லீகினர் 1946-இல் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். அதற்கு இட்ட பெயர் உமறுப் புலவர்! சீறாப்புராணம் பாடிய அப்பெருமகனார் அடங்கியிருக்கும் எட்டயபுரம், இளையரசனேந்தலிலிருந்து வெகு தொலைவில் இல்லை. பள்ளி 1982-இல் மூடப்பட்டது. ஆயினும் உமறுப் புலவர் பெயரைத் தாங்கிய தமிழ்மொழி நிலையம் தொடர்ந்து வந்தது. கட்டடம் போனாலும் பெயரைக் காத்தவர்கள் அவர்கள்.

இதையெல்லாம் நான் எடுத்துரைத்துக் கொண்டிருக்க, அதுவரை மௌனமாகப் பாக்கு வெட்டிக் கொண்டிருந்த தாயார் மெல்லக் கேட்டார்:

"அந்தப் படகில் உங்க வாப்பாவும் உட்கார்ந்தாங்களா?"

இருவரும் பேச்சடங்கினர். பின்னர் அண்ணன் தாழ்ந்த குரலில் கூறினார். 2013-இல், சிங்கப்பூரில் வேலை பார்த்த தகப்பனார் முதல் முறையாக இருவரையும் அழைத்துச் சென்ற இடம் அது. வாழ்நாளெல்லாம் உழைத்த மனிதர், பிள்ளைகளோடு அரை நாள் சும்மா அமர்ந்திருந்தது அந்தப் படகில்தான். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

"இத்தனை வருஷமா என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே மக்கா!" என்றார் தாயார். கோபத்தில் அன்று; கண்கள் நிறைந்திருந்தன.

அண்ணன் வழக்காடியது சிங்கத்துக்காக அன்று என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. தம்பியின் தலை குனிந்திருந்தது. சற்று நேரம் கழித்து, "அண்ணே, அடுத்த முறை பிள்ளையை நீங்களே கூட்டிக் கொண்டு போங்கள். வாப்பா இருந்த இடத்தைக் காட்டுங்கள்" என்றார்.

வாசகர்களே! பூங்காவின் சொந்தக்காரர்கள் இடிப்பார்கள், கட்டுவார்கள். அது அவர்கள் வணிகம். இன்றைய மஞ்சள் பொம்மையும் ஒரு நாள் அங்கிருந்து அகலும். அதைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் அந்த இடத்தில் நம் குடும்பத்துக்கு நேர்ந்ததைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டால், அந்த இழப்புக்கு நாமே பொறுப்பாளிகள்.

உங்களில் எவரேனும் செந்தோசா செல்ல நேர்ந்தால், பிள்ளையின் உயரத்துக்கு எந்தெந்தச் சவாரியில் அனுமதி உண்டென்று முன்னரே விசாரித்துக் கொள்ளுங்கள். உணவகங்களில் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் இருக்கின்றதா என்று பாருங்கள். அனைத்துக்கும் மேலாக, அலுப்புத் தீர ஓரிடத்தில் அமரும்போது, "இங்கே முன்பு என்ன இருந்தது தெரியுமா?" என்று பிள்ளையிடம் பேச்சைத் தொடங்குங்கள்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியதால் எழுந்தோம். தாயார் மட்டும் மூத்த மகனின் கையைப் பிடித்து மீண்டும் அமர்த்தி, "அந்தப் படகு என்ன நிறம்?" என்று கேட்டுக் கொண்டிருந்தார்.