வயது போன பூனை

திருகோணமலையின் உட்துறைமுகக் கரையோரத்திலும் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தின் பக்கத்திலும் மீன் வெட்டும் இடமெல்லாம் பூனைகள் உண்டு. அவற்றில் பல முழு வீட்டுப் பூனையுமல்ல, முழுத் தெருப் பூனையுமல்ல. ஒரு வளவில் சோறு, இன்னொரு வளவில் உறக்கம், சந்தையில் மீன்தலை என்று வாழ்பவை. அப்படிப்பட்ட பூனை மெலிந்தாலோ, மதிலேறாமல் கிடந்தாலோ, "அதுக்கு வயசு போயிட்டுது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிடுவது தவறு என்பதே என் கருத்து. முதுமை தானாகவே சில மாற்றங்களைக் கொண்டுவரும். ஆனால் முதுமையின் கணக்கில் நாம் எழுதிவைப்பதில் பெரும்பகுதி நோயும் வலியுமாகும். இரண்டையும் பிரித்தறியக் கற்றால், ஒரு பூனை தன் கடைசி வருடங்களை வாழும் விதமே மாறிவிடும்.

வழக்கமான கணக்கின்படி பூனையின் முதல் இரண்டு வருடங்கள் மனிதரின் 24 வயதுக்கு நிகர்; அதன்பின் ஒவ்வொரு வருடமும் நான்கு வருடங்கள். அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமும் அந்நாட்டு விலங்கு மருத்துவமனைச் சங்கமும் 2021இல் வெளியிட்ட வழிகாட்டல், பத்து வயதைத் தாண்டிய பூனையை முதியது என்கிறது. பத்து வயதென்றால் மேற்சொன்ன கணக்கில் 56. ஐம்பத்தாறு வயதில் ஒருவர் காரணமில்லாமல் மெலிந்தால் வயதைச் சொல்லி நாம் சும்மா இருப்பதில்லை. பூனையிலும் உண்மையான முதுமையின் அடையாளங்கள் மெல்ல வருபவை, பெரும்பாலும் துன்பம் தராதவை. கண்மணிக்குள் நீலம் கலந்த மெல்லிய மங்கல் தெரியும். அதனால் பார்வை அதிகம் கெடாது. வாயைச் சுற்றி நரை கலக்கும். தோலின் இழுவை குறையும். நகம் தடித்து எளிதில் உடையும். உறக்கம் கூடும். இவை மட்டும்தான் என்றால் அஞ்ச வேண்டியதில்லை.

மூட்டின் கதை வேறு. 2002இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழொன்றில் வந்த ஆய்வில், பன்னிரண்டு வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்கள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றில் 90 பூனைகளிடம் மூட்டுத் தேய்வின் தடயம் இருந்தது. படத்தில் தெரியும் தேய்வெல்லாம் வலியாகிவிடாது. ஆனாலும், தேய்வு பெரும்பாலும் இரு பக்கமும் இருப்பதால் பூனை நொண்டாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். எனவே நடையைவிட உயரத்தைக் கவனிப்பதே சரி. கரையில் இழுத்துவைத்த வள்ளத்தின் விளிம்பில் படுத்த கடுவன் இப்போது வள்ளத்தின் அடியில் படுக்கிறதா? மதிலைத் தாண்டியது படலை வழியாகச் சுற்றி வருகிறதா? திரும்பி நக்க முடியாததால் இடுப்பு மயிர் திரண்டு கிடக்கிறதா? மரத்தில் நகம் கீறுவதை விட்டதால் நகம் வளைந்து பாதத்தைக் குத்துகிறதா? இவை வலி இருக்கலாம் என்று காட்டுகின்றன.

தாகத்தை அறிவது இந்த ஊரில் இன்னும் கடினம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எல்லா உயிரும் தண்ணீர் தேடும். கருவாடு தின்ற பூனையும் தேடும். ஆனால் பச்சை மீனில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர்தான். மீன் தின்னும் பூனை இயல்பில் குறைவாகவே குடிக்கும். அது மாரி மழையிலும் பாத்திரத்தை விட்டு நகராமல் குடித்து, அடிக்கடி நிறையச் சிறுநீர் கழித்தால் வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. சிறுநீரகத்தின் செயற்றிறனில் மூன்றில் இரண்டு பங்கு போன பின்பே இந்தத் தாகம் வெளியே தெரியும். நீரிழிவும் இதே வடிவில் வரலாம். நன்றாகத் தின்றும் மெலிந்து, இரவில் ஓயாமல் கத்தினால் தைரொயிட் சுரப்பி மிகையாக வேலை செய்யக்கூடும். மீன்தலையைக் கடித்து நொறுக்கியது இன்று சதையை மட்டும் நக்கிவிட்டு விலகினால் பல்லைப் பார்க்க வேண்டும். கண்மணி விரிந்து திடீரெனப் பார்வை போவது உயர் குருதி அமுக்கத்தால் நேரலாம். வெள்ளைக் காதின் ஓரத்தில் ஆறாத புண், இந்த வெயிலூரில் தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

பூனை வலியை ஒளிக்கும் பிராணி, சாதாரண மனிதர் எப்படி அறிவது என்று கேட்கலாம். அது ஒளிப்பது முனகலைத்தான். பழக்கத்தை ஒளிக்க அதனால் முடியாது. பத்து நிமிடம் பார்க்கும் வைத்தியரைவிட, நாள்தோறும் பார்ப்பவருக்கே அந்தப் பழக்கம் தெரியும். 2022இன் நெருக்கடிக்குப் பிறகு மனிதருக்கே மருந்து வாங்கச் சிரமப்படும் நாட்டில் பூனைக்குச் செலவா என்பது இன்னும் கனமான கேள்வி. அதை நான் மதிக்கிறேன். ஆனால் கவனிப்பதற்குப் பணம் வேண்டாம். ஏறிப் படுக்க ஒரு மீன் பெட்டி, இரண்டு இடத்தில் தண்ணீர், மாதமொருமுறை நிறை பார்ப்பது, வளைந்த நகத்தை நுனியில் நறுக்குவது, முள் நீக்கிய மசித்த மீன்: இவை ஏழை வீட்டிலும் இயலும். நான்கு கிலோ பூனை நானூறு கிராம் இழந்தால், உடலில் பத்திலொன்று போய்விட்டது என்று பொருள். அப்போது அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலாவது கேட்க வேண்டும். வலிக்கென்று பனடோலை ஒருபோதும் கொடுத்துவிடக் கூடாது. அதிலுள்ள பரசிற்றமோலைச் சிதைக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு; அரை மாத்திரையும் கொல்லக்கூடும். கிழட்டுப் பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டு அலைவதே கொடுமை, இயற்கைக்கு விட்டுவிடுங்கள் என்பாரும் உண்டு. எல்லாச் சோதனையும் எல்லாப் பூனைக்கும் வேண்டாம் என்பது சரி. என்ன நோய் என்று அறிந்தபின் போதும் என்று நிறுத்துவது ஒரு முடிவு. அறியாமல் விடுவதை அப்படிச் சொல்ல முடியாது.

பல வளவுகளில் வாழும் பூனைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது தின்பதை ஒரு வீடு காண்கிறது, குடிப்பதை மற்றொரு வீடு காண்கிறது, படுக்கும் இடத்தைச் சந்தைக்காரர் காண்கிறார். முழு நோயும் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே வேலிக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கேட்டறிய வேண்டும். நன்றாகத் தின்கிறது என்று ஒருவர் சொல்வதும், மெலிந்துவிட்டது என்று மற்றவர் சொல்வதும் ஓரிடத்தில் சேரும்போதுதான் நோய் பிடிபடும். எல்லோரும் சேர்ந்து ஊட்டி வளர்த்த பூனையின் முதுமையை எல்லோரும் சேர்ந்தே கவனிக்க வேண்டும்.