எக்ஸ்ரேல தெரியாத ஜவ்வு

பி.காம். படிக்கிறவனுக்கு எக்ஸ்ரே எதுக்குன்னு கேக்காதீங்க நண்பர்களே. மேல்பட்டாம்பாக்கத்துல கபடி ஆடினவன் நான். கணுக்கால் பிசகி எக்ஸ்ரே எடுத்தா, எலும்பு உடையலைன்னு வந்துச்சு. "அப்புறம் ஏன்டா நொண்டுற, நடிக்காத"ன்னார் அப்பா. வீக்கமோ வத்தவே இல்ல!

விஷயம் இதுதான். எக்ஸ்ரேல எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. பேலன்ஸ் ஷீட்ல நல்ல வேலையாட்கள் தெரியாத மாதிரி. எலும்புகளுக்கு நடுவுல இடைவெளி அகன்றிருந்தா, ஜவ்வு கிழிஞ்சிருக்கும்னு ஊகிக்கலாம். ஜவ்வையே பாக்கணும்னா அல்ட்ராசவுண்ட், இல்ல எம்.ஆர்.ஐ.

எல்லா சுளுக்குக்கும் எக்ஸ்ரேயும் தேவையில்ல. 1992ல கனடாவின் ஒட்டாவா நகர டாக்டர் இயன் ஸ்டீல் குழு ஒரு விதி சொல்லுச்சு. கணுக்கால்ல வலி இருந்து, ரெண்டு பக்கமும் துருத்திட்டிருக்கிற எலும்போட பின் விளிம்பையோ நுனியையோ அழுத்தினா வலிக்கணும். இல்லன்னா, அடிபட்டப்பவும் ஆஸ்பத்திரியிலயும் நாலு எட்டு வைக்க முடியாம இருக்கணும். அப்பதான் கணுக்காலுக்கு எக்ஸ்ரே.

அதனால படம் நார்மல்னா எலும்பு நார்மல்னு மட்டும்தான் அர்த்தம். "ஜவ்வு எப்படி டாக்டர்?"னு அடுத்த கேள்வியைக் கேளுங்க. ஜவ்வு சரியா ஆறாத கால் திரும்பத் திரும்பப் பிசகும். வீட்ல நொண்டுறவங்களை நடிக்கிறதா திட்டாதீங்க, ப்ளீஸ்!